பில் வில்சன்

வில்லியம் கிரிபித் வில்சன் (நவம்பர் 26, 1895 – ஜனவரி 24, 1971) குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்று குடியிலிருந்து மீள வழிகாட்டும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) என்ற அமைப்பைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர். அமெரிக்காவைச் சேர்ந்த இவர், உறுப்பினர்களின் முழுப்பெயரை வெளியிடாத அவ்வமைப்பின் மரபுக்கேற்ப, வாழ்நாளில் பில் டபிள்யூ. என்றே பொதுவாக அறியப்பட்டார். இவர் எழுதிய பன்னிரண்டு படிகள் பல்வேறு அடிமைப் பழக்கங்களுக்கான உதவிக் குழுக்களுக்கு அடிப்படையாக அமைந்தன. 1950களின் பிற்பகுதியில் எல்.எஸ்.டி. என்ற மருந்தைத் தாமே உட்கொண்டு, அது குடிநோயாளிகளுக்கு உதவக்கூடும் என்று கருதியது இவரது வாழ்வில் அதிகம் விவாதிக்கப்படும் பகுதியாகும்.

இளமைக் காலம்

வில்சன் வெர்மான்ட் மாநிலத்தின் ஈஸ்ட் டார்செட் என்ற சிற்றூரில் பிறந்தார். இவரது சிறுவயதிலேயே பெற்றோர் பிரிந்தனர். தந்தை கனடாவின் மேற்குப் பகுதிக்குச் சென்றார். தாய் மருத்துவம் பயில பாஸ்டன் நகருக்குச் சென்றார். வில்சனும் அவரது தங்கையும் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தனர். ஆஸ்திரேலியர்களைத் தவிர வேறு எவராலும் பூமராங் செய்ய இயலாது என்று பாட்டனார் ஒருமுறை கூற, சிறுவனான வில்சன் பல மாதங்கள் முயன்று ஒன்றைச் செய்து காட்டினார். எதிலும் முதல்வனாக இருக்கவேண்டும் என்ற இந்த வேகத்தைப் பின்னாளில் அவரே தம் குறைகளுள் ஒன்றாக எண்ணினார். 1912 இல் இவர் விரும்பிய பெர்த்தா பாம்ஃபோர்டு என்ற பெண் அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார். அதனைத் தொடர்ந்து வில்சன் நீண்ட மனச்சோர்வுக்கு ஆளானார். அச்சோர்வு வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது திரும்பி வந்தது.

குடியும் வீழ்ச்சியும்

முதலாம் உலகப்போரின்போது பீரங்கிப் படை அதிகாரியாகப் பயிற்சி பெற்ற வில்சன், 1917 இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் நடந்த விருந்துகளில் குடிக்கத் தொடங்கினார். கூச்ச சுபாவமுள்ள அவருக்கு மது தன்னம்பிக்கை அளித்தது. ஜனவரி 24, 1918 இல் லோயிஸ் பர்னம் என்பவரை மணந்துகொண்டார். போருக்குப் பின் நியூயார்க் பங்குச் சந்தையில் ஈடுபட்டார். 1925 இல் மனைவியுடன் பக்கவண்டி இணைத்த மோட்டார் சைக்கிளில் பயணம் செய்து, நிறுவனங்களை நேரில் ஆராய்ந்து முதலீட்டாளர்களுக்கு அறிக்கை அளித்தார். இது அவருக்கு நல்ல வருமானத்தைத் தந்தது.

1929 இல் பங்குச் சந்தை சரிந்தபோது அவரது செல்வமும் சரிந்தது. அதற்குள் குடி அவரைக் கட்டுப்படுத்தத் தொடங்கியிருந்தது. தம்பதியர் லோயிசின் தந்தை வீட்டில் குடியேற, மனைவியின் ஊதியத்தில் குடும்பம் நடந்தது. 1933, 1934 ஆண்டுகளில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் வில்சன் நான்கு முறை சேர்க்கப்பட்டார். அங்கிருந்த மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த், குடிப்பழக்கம் ஒழுக்கக் குறைபாடு அன்று. மனத்தின் அடங்காத வேட்கையும் உடலின் ஒவ்வாமையும் சேர்ந்த நோய் என்று விளக்கினார். இவ்விளக்கம் வில்சனுக்கு ஆறுதல் தந்தது. ஆனால் குடியை நிறுத்த அது மட்டும் போதவில்லை.

1934 ஆம் ஆண்டு அனுபவம்

1934 நவம்பரில் பழைய குடித்தோழரான எபி தாச்சர், வில்சனைக் காண வந்தார். ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறித்தவ இயக்கத்தின் உதவியால் தாம் குடியை விட்டதாக அவர் கூறினார். டிசம்பர் 11 இல் வில்சன் கடைசியாகக் குடித்துவிட்டு நான்காம் முறையாக மருத்துவமனையில் சேர்ந்தார். சில நாட்களில், ஆழ்ந்த மனச்சோர்வின் நடுவே அறை முழுதும் ஒளியால் நிறைவதுபோன்ற அனுபவத்தைப் பெற்றார். அதன்பின் அவர் ஒருபோதும் குடிக்கவில்லை.

அம்மருத்துவமனையின் சிகிச்சையில் பெல்லடோனா என்ற தாவரச் சாறும் தரப்பட்டது. அது மாயத்தோற்றங்களை உண்டாக்கவல்லது. குடியை நிறுத்தும்போது ஏற்படும் உடற்பாதிப்பும் அவ்வாறே செய்யக்கூடும். எனவே அந்த ஒளி அனுபவத்துக்கு மருந்தே காரணமா என்ற கேள்வியைப் பின்னர் பலர் எழுப்பினர். வில்சனோ, உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களைப் பற்றி எழுதிய நூலைப் படித்து, முற்றிலும் தோற்றுப்போன மனநிலையே இத்தகைய மாற்றங்களுக்கு வாயில் என்ற முடிவுக்கு வந்தார்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்

அடுத்த சில மாதங்கள் வில்சன் குடிகாரர்களைத் தேடிச் சென்று தம் அனுபவத்தைப் போதித்தார். எவரும் திருந்தவில்லை. போதனையை விடுத்து நோயின் தன்மையை முதலில் கூறுமாறு சில்க்வொர்த் அறிவுறுத்தினார். 1935 மே மாதம் தொழில் நிமித்தம் ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்குச் சென்ற வில்சன், அம்முயற்சி தோல்வியுற்ற நிலையில் விடுதியின் மதுக்கூடத்தருகே தனித்து நின்றார். குடிக்காமல் இருக்க மற்றொரு குடிகாரருடன் பேசுவதே வழி என எண்ணித் தேவாலயங்களுக்குத் தொலைபேசினார். இதன்மூலம் மே 12 இல் மருத்துவர் ராபர்ட் சுமித்தைச் சந்தித்தார். சுமித் கடைசியாகக் குடித்த ஜூன் 10, 1935 அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது.

ஒரு குடிநோயாளி மற்றொருவருக்கு உதவும்போது உதவுபவரும் காப்பாற்றப்படுகிறார் என்பதே அமைப்பின் அடிப்படையாயிற்று. 1939 இல் பன்னிரண்டு படிகளை உள்ளடக்கிய நூல் வெளிவந்தது. அதே ஆண்டு வில்சன் தம்பதியர் வீட்டை இழந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நண்பர்களின் இல்லங்களில் மாறி மாறித் தங்கினர். 1941 மார்ச்சில் ஒரு வார இதழில் வெளியான கட்டுரையால் உறுப்பினர் எண்ணிக்கை அவ்வாண்டு இறுதிக்குள் சுமார் 2,000 இலிருந்து 8,000 ஆக உயர்ந்தது. 1951 இல் லோயிஸ், குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான அல்-அனான் அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். தனிமனிதப் புகழ் அமைப்புக்குக் கேடு என்று கருதிய வில்சன், 1954 இல் யேல் பல்கலைக்கழகம் வழங்கவிருந்த மதிப்புறு பட்டத்தை மறுத்தார். 1955 இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் தலைமைப் பொறுப்பை உறுப்பினர்களின் பேரவையிடம் ஒப்படைத்தார்.

எல்.எஸ்.டி. ஆய்வு

மற்றவர்களை மீட்ட வில்சன், 1944 முதல் சுமார் பத்தாண்டுகள் கடும் மனச்சோர்வால் அவதியுற்றார். மனநல மருத்துவர்களின் உதவியையும் நாடினார். இக்காலத்தில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டு, ஆப்ரம் ஹாஃபர் ஆகிய மருத்துவர்கள் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்து ஆய்ந்தனர். கடுங்குடியர்கள் சிலர் குடியை நிறுத்தும்போது ஏற்படும் நடுக்கமும் பிதற்றலும் நிறைந்த கொடிய நிலையைக் கண்டு அஞ்சித் திருந்துகின்றனர். அவ்வச்சத்தை மருந்தால் உண்டாக்கலாம் என்பது அவர்களின் தொடக்கக் கருத்து. ஆனால் நலம்பெற்றவர்கள் அச்சத்தைவிட, தம்மைத் தாமே புதிதாகக் கண்ட அனுபவத்தையே கூறினர்.

1956 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், எழுத்தாளர் ஜெரால்டு ஹேர்டு, மருத்துவர் சிட்னி கோகன் ஆகியோர் உடனிருக்க வில்சன் எல்.எஸ்.டி. உட்கொண்டார். அது 1934 அனுபவத்தை ஒத்திருந்ததாக அவர் கருதினார். நான் என்னும் முனைப்பை மருந்து தற்காலிகமாகத் தளர்த்துவதால், ஆன்மிக அனுபவம் கிட்டாத குடிநோயாளிகளுக்கு அது ஒரு தொடக்கமாகலாம்; ஆனால் அன்றாட முயற்சிக்கு மாற்றாகாது என்பது அவரது நிலைப்பாடு. எல்லாப் போதையையும் விடச் சொல்லும் அமைப்பின் நிறுவனர் இவ்வாறு செய்தது உறுப்பினர் பலரை வருத்தியது. அமைப்புக்கு ஊறு நேரலாகாது என்பதால் சில ஆண்டுகளில் அவர் இம்முயற்சியைக் கைவிட்டார். 1960களில் நியாசின் (உயிர்ச்சத்து பி3) குடிநோயாளிகளின் சோர்வைத் தணிக்கும் என்று பரப்பியபோதும் அமைப்பினுள் எதிர்ப்பு எழுந்தது.

இறுதிக் காலம்

குடியை வென்ற வில்சனால் புகையிலைப் பழக்கத்திலிருந்து நெடுங்காலம் விடுபட இயலவில்லை. அதனால் நுரையீரல்கள் சிதைந்து, மூச்சுக்காற்றுக்குக் கருவியை நம்பி வாழ்ந்தார். ஜனவரி 24, 1971 இல், தம் 53 ஆவது திருமண நாளன்று, மியாமியில் காலமானார். மறைவுக்குப் பின்னரே இவரது முழுப்பெயர் செய்தித்தாள்களில் பரவலாக வெளியானது. இவரது உடல் ஈஸ்ட் டார்செட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

பிற்கால மதிப்பீடு

1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எல்.எஸ்.டி. அமெரிக்காவில் மிகக் கடுமையாகத் தடைசெய்யப்பட்ட மருந்துகளுள் சேர்க்கப்பட, ஆய்வுகள் ஏறத்தாழ நின்றுபோயின. தொடக்கக்கால ஆய்வுகள் பலவற்றில் ஒப்பீட்டுக் குழு இல்லாததும் குறையாகச் சுட்டப்பட்டது. 2012 இல், ஒப்பீட்டுக் குழுவுடன் நடந்த ஆறு பழைய ஆய்வுகளின் 536 பேரது தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, ஒருமுறை தரப்பட்ட எல்.எஸ்.டி. குடியைக் குறைக்க உதவியது தெரியவந்தது. எனினும் ஓராண்டுக்குள் அப்பயன் மங்கியது. 2022 இல், சில காளான்களில் உள்ள சிலோசைபின் என்ற பொருளை உளச்சிகிச்சையுடன் தந்து வெளியிடப்பட்ட ஆய்விலும் மிகையாகக் குடித்த நாட்கள் குறைந்தன. மருத்துவக் கண்காணிப்பின்றி இவற்றை உட்கொள்வது ஆபத்தானது. மறுபுறம், 27 ஆய்வுகளைத் தொகுத்த 2020 ஆம் ஆண்டு மதிப்பாய்வு, பன்னிரண்டு படிகள் வழியிலான சிகிச்சை தொடர்ந்து குடிக்காதிருக்கப் பிற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுவதாகக் கண்டது. வில்சன் நாடிய இரு வழிகளும் இவ்வாறு அவரது மறைவுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் அறிவியல் ஆய்வுக்கு உள்ளாயின.