அலையை ஆண்ட அறிஞர் ஜகதீச சந்திர போஸ்



கோயிலாலும் பட்டாலும் புகழ்பெற்றது நம் காஞ்சி மாநகர். ஊருக்கு வடபால் சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலை ஓடுகிறது. அச்சாலையை ஒட்டிய திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பகுதிகளிலும், சற்றுத் தள்ளி ஒரகடத்திலும் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் பல நிற்கின்றன. புதிய கார் ஒன்று அந்நெடுஞ்சாலையில் விரைந்து வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முன்னால் சென்ற லாரி திடீரென்று நின்றுவிடுகிறது. ஓட்டுநர் கண் அயர்ந்த நேரம்; அவர் கால் அசையவில்லை. ஆயினும் பிரேக் தானே விழுகிறது. ஒரு குடும்பம் உயிர் பிழைக்கிறது.

இது மாயமன்று. இத்தகைய வண்டிகள் பலவற்றின் முகப்பில் ஒரு சிறு பெட்டி உண்டு. அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் புறப்பட்டு, எதிரேயுள்ள பொருளில் பட்டுத் திரும்புகின்றன. திரும்பிவந்த அலையைக் கொண்டு எவ்வளவு தொலைவு, எவ்வளவு வேகம் என்று மின்னணுக் கருவி நொடிக்குள் கணக்கிடுகிறது. முதலில் ஓட்டுநரை எச்சரிக்கிறது. அவர் செவிசாய்க்காவிடில் தானே பிரேக்கை இயக்குகிறது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். ஓர் அரிசி மணியின் நீளத்தைவிடக் குறைவு.

இவ்வளவு நுண்ணிய அலைகளை உண்டாக்கி, அவற்றை ஆராய்ந்து காட்டிய முன்னோடி ஓர் இந்தியர். 1890களில், கல்கத்தாவில் ஒரு சிறிய அறையில், 5 மில்லிமீட்டர் அலைகளை அவர் ஆட்டிவைத்தார். அவரே ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ்.

இளமையும் கல்வியும்

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங் என்னும் ஊரில் போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அலுவலர். அக்காலத்தில் பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்புவர். பகவான் சந்திரரோ மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒரு மீனவரின் மகனும், வீட்டுப் பணியாளரான ஓர் இஸ்லாமியரின் மகனும் சிறுவனின் அருகில் அமர்ந்து படித்தனர். பள்ளிக்கு அவனைத் தோளில் சுமந்து சென்றவரோ, முன்பு கொள்ளைக்காரராக இருந்து சிறைத்தண்டனை முடித்து வந்தவர்! அவருக்குப் பிழைப்புத் தந்து, தம் குழந்தையையே நம்பி ஒப்படைத்தார் அந்தத் தந்தை. மனிதரை மதிக்கும் பண்பு போஸுக்கு இவ்விதம் வீட்டிலேயே கிடைத்தது.

பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே இயற்பியல் கற்பித்தவர் பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குருவான அருட்தந்தை யூஜின் லாஃபோன். பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதோடு நில்லாமல், கருவிகளை மேசைமேல் வைத்துச் செய்துகாட்டுவதே அவர் வழக்கம். 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம் தோன்றவும் அவர் துணைநின்றார். கையால் செய்து கண்ணால் காணும் சோதனையில் போஸுக்குத் தீராத ஆர்வத்தை ஊட்டியவர் இந்த ஆசிரியரே.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லும் எண்ணம் எழுந்தபோது குடும்பம் கடனில் இருந்தது. நாட்டுத் தொழில்களை வளர்க்க முனைந்து தந்தை பொருளை இழந்திருந்தார். ஒரு மகனை ஏற்கெனவே இழந்திருந்த தாய், இவரைக் கடல் கடந்து அனுப்ப முதலில் மனம் ஒப்பவில்லை. பின்பு அத்தாயே தம் நகைகளைத் தர முன்வந்தார். 1880இல் இலண்டனில் மருத்துவம் பயிலச் சேர்ந்த போஸைக் காய்ச்சல் விடாது வருத்தியது. ஆகவே மருத்துவத்தை விட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் கற்றார். புகழ்பெற்ற இயற்பியல் அறிஞர் ராலே பிரபு அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

ஊதியம் வாங்காத மூன்று ஆண்டுகள்

1885இல் தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு என்பது அந்நாள் நடைமுறை. தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதிதான் போஸுக்குக் கிடைக்கும். போஸ் வாதாடவில்லை, வகுப்பைப் புறக்கணிக்கவும் இல்லை. நாள்தோறும் முறையாகப் பாடம் நடத்தினார். ஊதியத்தை மட்டும் தொட மறுத்தார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. முடிவில் அரசு பணிந்தது. நிலுவை முழுவதும் முழு ஊதியக் கணக்கில் கிடைத்தது. அத்தொகை தந்தையின் கடனை அடைக்கச் சென்றது.

1887இல் அவர் அபலா அம்மையாரை மணந்தார். இவ்வம்மையாரின் கதை நம் மாணவியர் சிறப்பாக அறியத்தக்கது. கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே 1882இல், இளம்பெண்ணாக, நம் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு அவர் படிக்க வந்தார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க முடியவில்லை. ஆயினும் 1919இல் பெண்கல்விச் சங்கம் ஒன்றைத் தொடங்கிச் சிறுமியருக்குப் பள்ளிகளும், கைம்பெண்களுக்குப் பயிற்சி இல்லமும் அமைத்தார்.

சிறு அறையில் பிறந்த அலை

1894இல், தம் முப்பத்தாறாம் பிறந்தநாளன்று, இனித் தம் வாழ்வை ஆராய்ச்சிக்கே அளிப்பதென்று போஸ் உறுதி பூண்டார். கல்லூரியில் ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சிறு அறையும், அவர் சொல்கேட்டுக் கருவி செய்யும் உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவருமே துணை. ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ட மின்காந்த அலைகள் நீளமானவை. மேசைமேல் வைத்து ஆராய அவை ஒத்துவரவில்லை. போஸ் அவற்றை 5 மில்லிமீட்டர் வரை குறுக்கினார். ஒளியைப் போலவே அவையும் பட்டுத் திரும்பும், வளையும் என்று மெய்ப்பித்தார். முறுக்கிய சணல் நாரும், பக்கங்களுக்கிடையே ஈயத்தாள் செருகிய இரயில்வே அட்டவணைப் புத்தகமும்கூட அவர் கையில் அறிவியல் கருவிகள் ஆயின!

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் வங்காளத் துணை ஆளுநர் முன்னிலையில் ஒரு சோதனை நிகழ்ந்தது. கம்பி ஏதுமின்றி, சுவர்களை ஊடுருவிச் சென்ற அலை, 75 அடிக்கு அப்பால் ஒரு மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தையும் பற்றவைத்தது. அவையோர் வியந்தனர்.

வேண்டாம் என்றார், தோழியர் விடவில்லை

1901ஆம் ஆண்டு மே மாதம் போஸ் இலண்டனில் சொற்பொழிவாற்ற இருந்தார். தந்தி நிறுவனம் ஒன்றின் பெருஞ்செல்வரான உரிமையாளர் அவரை நாடி வந்தார். கையில் காப்புரிமை விண்ணப்பம். கண்டுபிடிப்பின் முழு விவரத்தையும் மேடையில் சொல்லிவிட வேண்டாம், உரிமை பெற்று ஆதாயத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது அவர் வேண்டுகோள். போஸ் மறுத்துவிட்டார். அறிவை விலைபேசத் தொடங்கினால் அந்த ஆசைக்கு முடிவே இராது என்று நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்கு வருந்தி எழுதினார்.

ஆனால் நலம்விரும்பிகள் இருவர் வேறுவிதமாக எண்ணினர். ஒருவர் அயர்லாந்தில் பிறந்து இந்தியாவைத் தம் நாடாகக் கொண்ட சகோதரி நிவேதிதை. மற்றவர் அமெரிக்கரான சாரா புல் அம்மையார். பதிவு செய்யாவிடில் பிறர் இதைத் தமதென்று சொல்லிக்கொள்வர் என்பது அவர்கள் கவலை. அவர்கள் வற்புறுத்தலுக்கு இணங்கி, 1901 செப்டம்பர் 30 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் சேர்ந்தது. கலீனா என்னும் ஈயத் தாதுவின் படிகத்தால் மின் அலைகளையும் ஒளியையும் உணரும் கருவி அது. பாதி உரிமை சாரா புல் அம்மையாரின் பெயரில் எழுதப்பட்டது.

தேர்வாளரின் மேசை

காப்புரிமை என்பது கேட்டவுடன் கிடைப்பதன்று. அமெரிக்காவில் 1836 முதலே ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தேர்வாளர் ஆராய்ந்து பார்ப்பது சட்டம். இங்கிலாந்திலோ 1905 முதல்தான் ஒரு பொருள் புதியதா என்று தேடிப்பார்க்கும் முறை நடைமுறைக்கு வந்தது. போஸின் விண்ணப்பம் வாஷிங்டனில் இருந்த அதே காலத்தில், 1902இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் ஓர் இளைஞர் தேர்வாளராகப் பணியில் சேர்ந்தார். அவர்தாம் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்!

இன்றும் முறை ஏறத்தாழ அதுவே. ஒருவர் தானியங்கு பிரேக் ஒன்றை வடிவமைத்துச் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தால், தேர்வாளர் மூன்று கேள்விகளை எழுப்புவார். இது உலகில் எங்கும் முன்பு வெளிவராததா? துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத புதுமை இதில் உண்டா? தொழிலில் பயன்படுமா? அலையை அனுப்பித் தொலைவறிந்து பிரேக் பிடிக்கும் வண்டி எல்லாமே என்னுடையது என்று எவரும் இன்று கேட்க முடியாது. அது முன்பே அறிந்த செய்தி. வெறும் கணக்கீட்டு முறைக்கும் உரிமை இல்லை. சாலையின் குறுக்கே மேலே செல்லும் இரும்புப் பாலத்தைத் தடையென்று தவறாக எண்ணாமல், உண்மையான தடைக்கு மட்டும் பிரேக்கை இயக்கும் புதிய கருவியமைப்பு இருந்தால், அதைக் கேட்கலாம். தேர்வாளர் ஆட்சேபங்களை எழுதி அனுப்புவார். விண்ணப்பித்தவர் விடை தருவார். மிகையாகக் கேட்டதைக் குறைத்துக்கொள்வார். எல்லாம் நிறைவானால் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உரிமை கிடைக்கும். அதற்கு ஈடாகக் கண்டுபிடிப்பின் விவரத்தை ஒளிக்காமல் எழுதித் தரவேண்டும். காலம் முடிந்தபின் அது உலகின் பொதுச்சொத்து.

நம் ஊர் உவமையே சொல்லலாம். மூன்று நாடா கொண்டு உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை நெசவைத் தமதென்று எவரேனும் பதிவு செய்ய வந்தால் தேர்வாளர் ஏற்கமாட்டார். அது தலைமுறை தலைமுறையாக நம் நெசவாளர் கையில் உள்ள கலை. தறியில் இணைக்கும் புதிய கருவிக்கு வேண்டுமானால் உரிமை கேட்கலாம். காஞ்சிப் பட்டின் பெயருக்கோ தனியொருவரின் காப்புரிமை இல்லை. ஊருக்கே உரிய புவிசார் குறியீடு 2005–06இல் கிடைத்தது.

காலம் தந்த தீர்ப்பு

ஏறத்தாழ இரண்டரை ஆண்டு ஆய்வுக்குப்பின், 1904 மார்ச் 29 அன்று 755840 என்னும் எண்ணுடன் போஸுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. படிகத்தைக் கொண்டு மின் அலையை உணரும் கருவிகளுக்கு உலகில் அளிக்கப்பட்ட மிகப் பழைய காப்புரிமைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் அதைக்கொண்டு போஸ் பொருள் தேடவில்லை. அவர் மனம் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்வதில் ஈடுபட்டுவிட்டது. 1917 நவம்பர் 30 அன்று கல்கத்தாவில் தம் பெயரால் ஆய்வு நிலையத்தைத் திறந்தபோதும், அங்குக் காண்பவை யாவும் பொதுவுடைமை, அவற்றுக்குக் காப்புரிமை பெறுவதில்லை என்றே அறிவித்தார். 1937 நவம்பர் 23 அன்று கிரீதி என்னும் ஊரில் மறைந்தார்.

தோழியர் அஞ்சியது ஒருவகையில் நடந்தது. 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து கம்பியில்லாக் குறியைப் பெற்றதாக உலகம் கொண்டாடியது. அப்போது அவர் பயன்படுத்தியது, இத்தாலியக் கடற்படை நண்பர் ஒருவர் கொடுத்த பாதரச அலையுணர் கருவி. அக்கருவியின் அடிப்படை 1899இலேயே போஸ் இலண்டன் ராயல் கழகத்தில் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. அதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. அந்நாளில் அவர் பெயரை நினைத்தவரும் இல்லை. 1998இல் ஓர் ஆய்வாளர் பழைய ஏடுகளைத் தேடி இதனை எடுத்துக்காட்டினார். 2012இல் உலகப் பொறியாளர் கழகம் ஒன்று போஸின் மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்தது.

நூறாண்டு கழித்து அவர் பெயரை மீட்டுத் தந்தது எது? நாளும் ஆண்டும் இட்டுத் தெளிவாக எழுதிவைத்த கட்டுரையே. அவர் எதையும் மறைக்கவில்லை. எதையும் எழுதாமல் விடவும் இல்லை. ஆகையால் பொருளை வேண்டாமென்று விட்டவருடைய உண்மையைக் காலம் காத்துத் தந்தது.

மாணவியரே! பொருளாசை இல்லாமை பெருங்குணம். ஆனால் செய்த பணியைப் பதிவு செய்யாமை பெருங்குணம் ஆகாது, அது சோம்பல். உங்கள் சோதனைக் குறிப்பேட்டில் நாளிட்டு எழுதுங்கள். தோற்றுப்போன சோதனையையும் எழுதுங்கள். உதவியவர் பெயரையும் மறவாமல் எழுதுங்கள். வீட்டில் தார் சுற்றித் தரும் அன்னையின் பெயர் எந்தச் சேலையிலும் இல்லை. உங்கள் ஏட்டிலாவது அது இருக்கட்டும். நாளை உங்களில் ஒருத்தி தேர்வாளரின் மேசைமுன் ஒரு புதுமையோடு நிற்கலாம். அல்லது அம்மேசைக்குப் பின்னால் அமர்ந்து பிறர் புதுமையை நடுவுநிலையோடு எடைபோடலாம். அன்று போஸின் வாழ்க்கை உங்களுக்கு வழிகாட்டும்.