வீர வாலிபர் கர்த்தார் சிங்

இந்தியாவை அடக்கியாளப் பிரிட்டிஷாருக்குப் பெருந்துணையாய் நின்றது இந்தியச் சிப்பாயின் துப்பாக்கியே. அத்துப்பாக்கி திரும்பும் நாளில் அந்நிய ஆட்சி நில்லாது. இவ்வுண்மையைப் பதினெட்டாம் பிராயத்திலேயே உணர்ந்து, அதற்காக உயிரையும் ஈந்தவர் கர்த்தார் சிங் ஸராபா.

1896-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி பஞ்சாபில் லூதியானா ஜில்லா ஸராபா கிராமத்தில் பிறந்த இவர், தந்தையை இளமையிலேயே இழந்து பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார். 1912-ல் உயர்தரக் கல்வியை நாடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே கூலிவேலை செய்து பிழைத்துவந்த பஞ்சாபியரில் பலர் முன்னாள் சிப்பாய்கள். சக்கரவர்த்தியின் கொடிக்காகப் போர் புரிந்த அவர்கள், அடிமை நாட்டார் என்று அந்நிய மண்ணில் இகழப்பட்டனர். அந்த அவமானத்தினின்று எழுந்ததே கதர் கட்சி. இது நாம் உடுக்கும் கதரன்று. கலகம் என்னும் பொருளுடைய உருதுச் சொல். 1913 நவம்பர் 1-ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவில் அக்கட்சியின் பத்திரிகை தோன்றிற்று. அதன் குருமுகிப் பதிப்பை அச்சிடும் உழைப்பில் கர்த்தார் முன்னின்றார்.

1914-ல் ஐரோப்பிய யுத்தம் மூண்டது. தாய்நாடு திரும்ப வேண்டுமென்று கட்சி அழைத்தது. கர்த்தார் கொழும்பு வழியாகக் கல்கத்தா சேர்ந்து, காசியில் ராஷ் பிஹாரி போஸைச் சந்தித்தார். பின்னர் பஞ்சாபில் பட்டாளங்களுக்குள்ளேயே புகுந்து சிப்பாய்களிடம் விடுதலை பேசினார். மியான்மீரிலும் பெரோஸ்பூரிலும் படைகள் 1915 பிப்ரவரி 21-ந் தேதி ஒருங்கே எழுவதென்று முடிவாயிற்று. கிருபால் சிங் என்ற ஒற்றன் இதைப் போலீஸாருக்கு அறிவித்தான். ஐயங்கொண்ட தலைவர்கள் நாளை 19-க்கு மாற்றினர். அதையும் அவன் அறிவித்தான். கர்த்தார் தோழர்களுடன் பெரோஸ்பூர் சென்றபோது, எதிர்பார்த்த சிப்பாய்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டிருந்தன. அம்மாதம் 15-ந் தேதியே சிங்கப்பூரில் கலகம் தொடங்கிய 5-வது காலாட்படையும் பின்னர் ஒடுக்கப்பட்டது.

கர்த்தாருக்கு எல்லை கடந்து தப்பும் வழி இருந்தது. இரு தோழருடன் எல்லைப்புறம் நோக்கிச் சென்றவர், சிறைப்பட்ட சகோதரர்களை நினைத்துத் திரும்பினார். ஸர்கோதாப் பக்கத்தில் மீண்டும் சிப்பாய்களைத் தூண்ட முயன்றபோது, மார்ச் 2-ந் தேதி காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதியானார். உயிரைப் பெரிதாகக் கொண்டிருப்பின் அவர் திரும்பியிருக்க வேண்டியதில்லை.

லாகூர் சதி வழக்கில் அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. பொறுப்பைத் தம்மீதே ஏற்றுக்கொண்டார். குற்றஞ்சாட்டப்பெற்ற 61 பேரில் மிக முக்கியமானவர்களுள் ஒருவரென்று நீதிபதிகள் அச்சிறுவரைக் கணித்தனர். மரண தண்டனை பெற்ற 24 பேரில் 17 பேருக்கு ஆயுள் தண்டனையாக மாறிற்று. கர்த்தாரும், மஹாராஷ்டிர வீரர் பிங்களேயும், மற்றும் ஐவரும் 1915 நவம்பர் 16-ந் தேதி லாகூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அப்போது கர்த்தாருக்கு வயது 19. அவ்வருஷமே 23-வது குதிரைப்படையின் சிப்பாய்கள் 12 பேரும் தூக்குமேடை ஏறினர்.

முயற்சி தோற்றது, எண்ணம் தோற்கவில்லை. கர்த்தாரின் படத்தைப் பகத் சிங் தம்முடன் வைத்திருந்தார். ஜப்பானுக்குத் தப்பிய ராஷ் பிஹாரி, 1943-ல் சிங்கப்பூரில் இயக்கத்தின் தலைமையைச் சுபாஷ் பாபுவிடம் ஒப்புவித்தார். மலேயாத் தமிழர் பலரும் அச்சேனையில் சேர்ந்தனர். 1946 பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் கடற்படைச் சிப்பாய்கள் எழுந்தபோது, இந்தியத் துப்பாக்கியை இனி நம்பவியலாதென்று ஆள்வோர் கண்டுகொண்டனர்.

கர்த்தாரை வீழ்த்தியது பீரங்கியன்று. நம்மவன் ஒருவனின் நாவே. சுதந்திரத்தைப் பேண விழையும் ஒவ்வொருவரும் இதை மறவாதிருத்தல் வேண்டும். நாட்டைக் காப்பது ஆயுதம். அவ்வாயுதத்தைக் காப்பது விசுவாசம்.