மாவுக்கட்டு போட்ட மாமேதை!

குட்டீஸ்... சைக்கிளில் இருந்து விழுந்து, முன்கை எலும்பு முறிந்தால் டாக்டர் என்ன செய்வார்? எலும்பை நேராக்கி, 'மாவுக்கட்டு' போடுவார். அது, சிலை செய்ய உதவும், 'பிளாஸ்டர் ஆப் பாரிஸ்' என்ற மாவு. சிற்பியின் கூடத்தில் இருந்த இந்த மாவை, போர்க்களத்திற்குக் கொண்டு சென்றவர், ரஷ்ய டாக்டர் நிகோலாய் பிரோகோவ்.

இவர், 1810ல் மாஸ்கோவில் பிறந்தார். 14 வயதிலேயே, மருத்துவக் கல்வியில் சேர்ந்து விட்டார் என்றால் பாருங்களேன்!

அந்தக் காலத்தில், குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கினால், கையையோ, காலையோ வெட்டி எடுத்து விடுவர். கஞ்சிப்பசையில் நனைத்த துணியைக் கட்டும் வழக்கமும் இருந்தது. ஆனால், அது காய வெகுநேரம் ஆகும். அதற்குள் எலும்பு விலகி விடும்.

ஒருநாள், சிற்பி ஒருவரின் வேலையைப் பார்த்தார் பிரோகோவ். துணியில் பூசிய பிளாஸ்டர் கரைசல், சில நிமிடங்களிலேயே இறுகியது. உடைந்த எலும்பை அசையாமல் பிடிக்க இது உதவுமே என்று எண்ணினார், செய்தும் பார்த்தார்.

கடந்த 1854ல், கிரிமியப் போரின் போது, செவஸ்தபோல் நகருக்குச் சென்றார். காயம்பட்ட வீரர்களை, மாட்டு வண்டியிலும், குதிரை வண்டியிலும் குலுங்கக் குலுங்க நெடுந்தொலைவு அனுப்ப வேண்டியிருந்தது. பிளாஸ்டர் கட்டு, எலும்பை அசைய விடவில்லை. வெட்டப்பட வேண்டிய பல கை, கால்கள் தப்பின.

நெதர்லாந்து ராணுவ டாக்டர் மத்தைசனும், 1851ல், பிளாஸ்டர் பொடி தேய்த்த துணிச்சுருளை உருவாக்கினார். தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் போதும். இன்று நாம் பார்ப்பது இந்த முறையைத் தான்.

ஜிப்சம் கல்லைச் சூடாக்கினால், அதிலுள்ள நீர் வெளியேறி, பொடியாகும். மீண்டும் நீர் சேர்த்தால், கல் போல் இறுகும். அப்போது வெப்பம் உண்டாவதால் தான், கட்டுப் போட்டதும் கை கதகதப்பாக இருக்கிறது.

அடிபட்ட கை முதலில் வீங்கும். அதனால், கையின் ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டர் பட்டை வைத்து, துணியால் சுற்றுவர். வீக்கம் வடிந்தபின், முழுக்கட்டு. முன்கையில் இரு எலும்புகள் உள்ளன. இரண்டும் முறிந்தால், முழங்கைக்கு மேல் வரை கட்டு நீளும்; முழங்கை அசைந்தால், எலும்பும் அசையுமே!

பிரோகோவ், 1881ல் மறைந்தார். உக்ரைனின் வின்னிட்சியா நகர் அருகே அவர் வாழ்ந்த வீடு, அருங்காட்சியகம் ஆனது.

குட்டீஸ்... மாவுக்கட்டைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். அரித்தால், உள்ளே குச்சி விடாதீர்கள். விரல்கள் நீலமானாலோ, மரத்துப் போனாலோ உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள், சரியா!