கடல்மல்லை தந்த யாத்திரிகர் பூதத்தாழ்வார்

தலசயனப் பெருமாள் ஆதிசேஷனையும் விடுத்து வெறுந்தரையிலே சயனித்தருளும் திருக்கடல்மல்லையில், ஐப்பசி மாத அவிட்ட நன்னாளில், குருக்கத்தி மலரிடைத் திருவவதாரம் செய்தருளியவர் பூதத்தாழ்வார். எம்பெருமானின் கதாயுதமாகிய கௌமோதகியின் அம்சமாக இவரைப் பெரியோர் போற்றுவர். குருபரம்பரை இவ்வவதாரத்தைத் துவாபர யுகத்ததாகக் கூறும். இவர் தம் ஊரை மாமல்லை என்றே பாடியிருத்தலால், மாமல்லன் என்னும் பல்லவ வேந்தன் காலமாகிய 7ஆம் நூற்றாண்டை ஒட்டியவர் எனக் கொள்வார் ஆராய்ச்சியாளர். இவற்றுள் எதனைக் கொள்ளினும் ஆழ்வாரின் பெருமைக்குக் குறைவில்லை.

பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டவர் அல்லர் இவர். ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்குவதில்லை என்னும் நியமத்துடன் திருப்பதிகள்தோறும் நடந்தே சென்று சேவித்தவர். கைப்பொருளோ, கட்டுச்சோறோ, இன்ன இடத்தில் தங்குவோம் என்னும் நிச்சயமோ இன்றி, இருட்டிய இடத்தில் எவர் வீட்டுத் திண்ணையேனும் கிடைத்தால் அதுவே போதும் என்றிருந்த வாழ்வு அது.

அவ்வாறு நடந்து ஒருநாள் தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரை அடைந்தார். கடல்மல்லையிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலும் அவ்வூர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு. காரிருள், பெருமழை. மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியை, அதாவது இன்று ரேழி எனப்படும் குறுகிய நடையை நாடி, ஒதுங்க இடம் வேண்டினார். உள்ளே காஞ்சியிலிருந்து வந்த பொய்கையாழ்வார் படுத்திருந்தார். ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம் என்று கூறி அவர் எழுந்து இடமளித்தார். இருவரும் அமர்ந்திருக்கையில் மயிலையிலிருந்து வந்த பேயாழ்வார் கதவருகே நின்றார். இருவர் அமரலாம் எனில் மூவர் நிற்கலாமன்றோ! அமர்ந்திருந்தோர் எழுந்து நின்றனர். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். அவ்விரவில் இடம் கேட்டவரும் இடம் கொடுத்தவருமாக இருவகைப் பேறும் பெற்றவர் நடுவே வந்த பூதத்தாழ்வார் ஒருவரே என்பது எண்ணி மகிழத்தக்கது.

அப்போது நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். நெருக்குபவர் யார்? பொய்கையார் உலகத்தையே அகலாக்கி விளக்கேற்றினார். பூதத்தாரோ தம் நெஞ்சிலுள்ள அன்பைக் கொண்டே விளக்கேற்றினார். அவ்வொளிகளில் பேயாழ்வார் திருமகளோடு நின்ற பெருமானைக் கண்டார். மூவர் வாக்கிலும் பிறந்த நூறு நூறு பாசுரங்கள், பின்னர் நாதமுனிகள் தொகுத்த திவ்யப் பிரபந்தத்தில் மூன்று திருவந்தாதிகளாக இயற்பாவை அலங்கரிக்கின்றன.

பூதத்தாழ்வார் அருளிய இரண்டாம் திருவந்தாதியின் ஒரு பாசுரத்தில், பெருமான் உறையும் இடங்கள் அடுக்கிச் சொல்லப்படுகின்றன. தஞ்சை, திருவரங்கம், குடந்தை, மழையிரவில் ஒதுங்க இடம் தந்த கோவலூர், தாம் பிறந்த மாமல்லை யாவும் அதில் உண்டு. ஆயினும் முதலில் வைக்கப்பட்டது ஊர் எதுவுமன்று, அடியாருடைய உள்ளம்.

ஐப்பசித் திருவோணம் பொய்கையாருக்கும், அடுத்த நாள் அவிட்டம் பூதத்தாருக்கும், அதற்கடுத்த சதயம் பேயாருக்கும் உரியவை. மூன்றும் மழைக்காலத்து நாட்களே. நடு நாளாகிய அவிட்டத்தில், தலசயனப் பெருமாள் சன்னிதியில் பூதத்தாழ்வாரின் திருநட்சத்திரம் கொண்டாடப்படுகிறது.