ரகசியப் பூட்டைத் திறந்த ஆலன் டூரிங்

கடிதத்தைப் பூட்டி அனுப்ப முடியுமா? முடியும். எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதினால், அந்த முறை தெரிந்தவருக்கு மட்டுமே கடிதம் புரியும். அப்படிப்பட்ட மிகக் கடினமான பூட்டு ஒன்றைத் திறந்தவர்தான் ஆலன் டூரிங்.

லண்டனில் 1912-ம் ஆண்டு ஜூன் 23-ம் தேதி பிறந்தார் ஆலன். தந்தை ஜூலியஸ், அன்றைய சென்னை மாகாணத்தில் ஆங்கிலேய அரசின் அதிகாரி. தாய் எதெல் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் கோவையில் உள்ள போத்தனூர்! பெற்றோர் இந்தியாவில் இருந்ததால், ஆலனும் அண்ணன் ஜானும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்ந்தனர்.

1931-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். எந்தெந்தக் கணக்குகளை ஓர் இயந்திரத்தால் படிப்படியாகச் செய்ய முடியும் என்ற கேள்வி அவரை விடவில்லை. கட்டளைகளை மட்டும் மாற்றினால், ஒரே இயந்திரம் வெவ்வேறு கணக்குகளைச் செய்யும் என்று 1936-ல் கட்டுரை எழுதினார். இன்றைய கணினி பிறக்காத காலம் அது! புரோகிராமிங்கின் அடிப்படையே இந்த எண்ணம்தான்.

1939-ல் இரண்டாம் உலகப்போர் மூண்டது. பிரிட்டனுக்கு உணவு கொண்டுவந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. அவற்றுக்கான உத்தரவுகள் 'எனிக்மா' என்ற இயந்திரத்தால் ரகசியக் குறியீடாக மாற்றப்பட்டு, வானொலி அலைகளில் சென்றன. ராணுவ எனிக்மாவை அமைக்கும் வழிகள் எத்தனை தெரியுமா? 159 எழுதி, பின்னால் 18 பூஜ்ஜியம் போடுங்கள். ஏறத்தாழ அத்தனை! அந்த அமைப்பையும் தினமும் மாற்றினார்கள்.

போலந்துக் கணித அறிஞர்கள் 1932-லேயே எனிக்மாவின் ரகசியத்தைக் கண்டுபிடித்திருந்தனர். அதை 1939 ஜூலையில் பிரிட்டனிடம் சொன்னார்கள். ஆனால் ஜெர்மானியர்கள் அதற்குள் பூட்டை இன்னும் கடினமாக்கியிருந்தனர்.

பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ஆலனும் மற்ற அறிஞர்களும் வேலையில் இறங்கினர். எனிக்மாவில் ஒரு குறை இருந்தது. எந்த எழுத்தை அழுத்தினாலும் அதே எழுத்து மட்டும் வராது! வானிலைச் செய்தியில் 'வானிலை' என்ற சொல் கட்டாயம் இருக்கும் அல்லவா? அந்தச் சொல்லைக் குறியீட்டின் கீழே வைத்துப் பார்த்தார்கள். ஓர் எழுத்தாவது மேலும் கீழும் ஒன்றாக இருந்தால், அது சரியான இடமில்லை. பொருந்தும் இடம் கிடைத்ததும், தவறான அமைப்புகளை வேகமாகக் கழித்துக்கட்ட 'பாம்ப்' என்ற இயந்திரத்தை ஆலன் வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மேன் அதை மேம்படுத்தினார். 1941-ல் கடற்படைச் செய்திகளும் பிடிபட்டன. நீர்மூழ்கிகள் காத்திருந்த இடங்களைத் தவிர்த்து, கப்பல்கள் சுற்றிச் சென்றன. ஏராளமான உயிர்கள் தப்பின.

போருக்குப் பின் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினிக்கு, புரோகிராம் எழுதுவோருக்கான கையேட்டை எழுதினார். ஆனால் நாடு அவரைக் கொண்டாடவில்லை. போர்க்காலப் பணி 1970-கள் வரை ரகசியமாகவே இருந்தது. ஓர் ஆணை நேசித்ததற்காக, 1952-ல் அன்றைய சட்டம் அவரைத் தண்டித்தது. 1954 ஜூன் 7-ல், 41 வயதில் மறைந்தார். அந்தத் தண்டனைக்கு 2013-ல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது.

இன்று பல்கலைக்கழகங்களில் சைபர் பாதுகாப்பு படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் புரோகிராம் எழுதி, பூட்டில் உள்ள குறையைத் தேடுகிறார்கள். குற்றவாளி விட்டுச்சென்ற தடயத்தைத் துருவுகிறார்கள். ஆலன் செய்ததும் அதைத்தானே! நீங்களும் அந்த வேலைக்குப் போக ஆசையா? கணக்குப் பாடத்தை இன்றே நண்பனாக்கிக் கொள்ளுங்கள்!