மின்விசைக்குக் காவல் வகுத்த மைக்கேல் பாரடே

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் விளங்குவதனைச் செட்டிநாட்டில் அறியாதார் இலர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் உவந்தளிக்க, 1948-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் பண்டித ஜவாஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14-ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். அங்கு ஆராயப்பெறும் கலைக்கு அடிப்படையான விதிகளை வகுத்தவர் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலப் பெரியார். மின்விசையை மக்கள் பணிக்கு ஆளாக்கியவர் என அவரை யாவரும் போற்றுவர். ஆயின், மக்கள் ஆளும் விளக்குகளும் சுரங்கங்களும் தீங்கு பயவாவண்ணம் நேரிற் சென்று சோதிக்கும் தொண்டினையும் அவர் நெடுங்காலம் மேற்கொண்டிருந்தார் என்பதை அறிந்தார் சிலரே. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், இலண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் கொல்லர், நோயாற் பெரிதும் நலிந்தவர். 1801-ஆம் ஆண்டில் வறுமை மிக்கபொழுது, வாரம் முழுவதற்கும் ஒரு ரொட்டியே சிறுவன் பாரடேயின் பங்காயிற்று. எழுத்தும் எண்ணும் ஒருவாறு கற்றதோடு பள்ளிப் படிப்பு நின்றது. பதின்மூன்றாம் வயதில் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாக அமர்ந்து, மறு ஆண்டு நூற்கட்டுத் தொழில் பயிலத் தொடங்கினார். கட்டுதற்கு வந்த நூல்களையெல்லாம் அவர் கற்றார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய பகுதி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. படித்ததோடு அமையாது, தம் சிறு வருவாய் கொண்டு கருவிகள் செய்து தாமே சோதித்தும் பார்த்தார். நூலிற் கண்டதையும் தாமே சோதித்தன்றி ஏற்றுக்கொள்ளாமை அவர்க்கு அந்நாளிலேயே இயல்பாயிற்று.

1812-ஆம் ஆண்டில் சர் ஹம்பிரி டேவி என்னும் இரசாயனப் பேரறிஞரின் விரிவுரைகளைக் கேட்டு, குறிப்பெழுதி, அழகுறக் கட்டி, அவர்க்கே விடுத்தார். அதன் பயனாக 1813-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் கழகத்தில் அவருக்குத் துணைவராயினார். 1815-ஆம் ஆண்டில் டேவி சுரங்கத் தொழிலாளர்க்கெனக் காப்பு விளக்கை அமைத்தபொழுது பாரடே உடனிருந்து உதவினார். உயிர்காக்கும் கருவியொன்று ஆய்வுசாலையிற் பிறத்தலை இளமையிலேயே கண்டவர் அவர்.

பின்னர் அவர் கண்ட உண்மைகள் பல. 1821-ஆம் ஆண்டில், மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்தார். மின் மோட்டாரின் வித்து அதுவே. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள், காந்தவிசை மாறுங்கால் அண்மையிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்பெறும் என்பதனை நிறுவினார். 1833, 1834-ஆம் ஆண்டுகளில் மின்பகுப்பு விதிகளை வெளியிட்டார். 1836-ஆம் ஆண்டில், பக்கம் 12 அடி உள்ள கூண்டு ஒன்றைச் செய்து, கம்பியாலும் உலோகத் தாளாலும் போர்த்து, தாம் அதனுட் புகுந்துகொண்டார். புறத்தே மின்பொறிகள் பறக்குமாறு கூண்டிற்கு மின்விசை ஊட்டப்பெற்றது. அகத்தே இருந்தவர்க்கோ ஊறு சிறிதும் இல்லை. உலோக உறை காவலாதலை இங்ஙனம் தம் உடம்பையே வைத்துக் காட்டினார்.

1844-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28-ஆம் நாள், டர்ஹாம் நாட்டு ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 95 பேர் மாண்டனர். அரசியலார் வேண்ட, நிலநூல் வல்ல சார்லஸ் லயலுடன் பாரடே ஆண்டுச் சென்றார். சாட்சிகளை வினவியதோடு நில்லாது, சுரங்கத்துள்ளும் இறங்கினார். காற்று ஓடும் விரைவை எங்ஙனம் அளப்பரென்று அவர் கேட்க, ஆங்கிருந்த அலுவலர் ஒருவர் வெடிமருந்தில் ஒரு சிட்டிகை எடுத்து, மெழுகுதிரிச் சுடரில் தூவி, புகை செல்லும் நேரத்தை அளந்து காட்டினார். மருந்தை எங்கு வைத்துள்ளீர் என்று பாரடே வினவினார். வாயை இறுகக் கட்டிய பையில் உள்ளதென விடை வந்தது. அப்பை யாண்டுள்ளதென மீண்டும் வினவ, மென்மையான இருக்கையென்று தமக்கு அவர்கள் இட்டிருந்ததே அப்பை என்பது தெரிந்தது! நாடோறும் இடர்க்கிடையே உழல்வோர் இடரை இடரென்றே உணராது பழகிவிடுதலை இந்நிகழ்ச்சி நன்கு காட்டும்.

வாயு மட்டுமன்று, காற்றிற் பறக்கும் கரித்தூளும் வெடிப்பைப் பெருக்கியது என்று பாரடேயும் லயலும் தம் அறிக்கையில் எடுத்துரைத்தனர். அவ்வெச்சரிக்கை நெடுங்காலம் போற்றப்பெறவில்லை. 1906-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிரான்சு தேசத்துக் கூரியேர் சுரங்கத்தில் கரித்தூள் வெடித்து 1,099 பேர் உயிரிழந்தனர். சோதனை செய்தல் பாதித் தொண்டே. சோதித்தவர் சொல்லைக் கேட்டு ஒழுகுதல் மற்றைப் பாதி.

கலங்கரை விளக்கங்களைப் பேணும் டிரினிடி ஹவுஸ் என்னும் அமைப்பிற்கு 1836-ஆம் ஆண்டு முதல் 1865-ஆம் ஆண்டு வரை பாரடே அறிவுரையாளராக இருந்தார். எண்ணெய் விளக்கின் ஆவி குளிர்காலத்துக் கண்ணாடியிற் படிந்து ஒளியை மறைத்தலைக் கண்டு, ஆவி வெளியேறப் புகைக்குழாய் ஒன்றை அமைத்தார். 1858-ஆம் ஆண்டில் சவுத் போர்லாண்டு கலங்கரை விளக்கத்தில் ஹோம்ஸ் என்பாரின் மின்னாக்கி கொண்டு மின்னொளி ஏற்றப்பெற்றது. தாம் கண்ட உண்மையாற் பிறந்த ஒளியே எனினும், அதனையும் அவர் சோதியாது விடவில்லை. 1860-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதனைக் காணப் புறப்பட்டவரைப் பனி வழிமறித்தது. சில நாட்களில் மீண்டும் சென்று, வேலியும் சுவரும் ஏறிக் கடந்து, வயல்களினூடே நடந்து சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது 68.

இனி, நம் நாட்டை நோக்குவோம். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு நம் முன்னோர் எடுத்த மாளிகைகள் பலவற்றில், சில விளக்குகட்கென அந்நாளில் மரச்சட்டத்தின்மேல் ஓடவிட்ட கம்பிகள் உள. கம்பியைப் போர்த்த இரப்பர் ஆண்டுகள் கழியக் காய்ந்து வெடிக்கும். ஓட்டின்வழி ஒழுகும் நீரும் எலியும் அதனைக் கெடுக்கும். அக்கம்பிகளிலேயே குளிர்சாதனத்தையும் வெந்நீர்க் கருவியையும் பூட்டுகின்றோம். வீடு பங்காளிகள் பலர்க்கும் பொது. ஆதலின், கம்பியை மாற்றும் செலவு ஒருவர்க்கும் உரியதாவதில்லை. ஆண்டெல்லாம் பூட்டிக் கிடந்த வீடு திருமணத்தன்று திறக்கப்பெற்று, வளவு முழுவதும் ஒரே இரவில் ஒளிபெறும். வாடகை வீட்டிலோ, உரியவர் குடியிருப்பவரை நோக்க, குடியிருப்பவர் உரியவரை நோக்குவர். கடைகளில் உருகிய பியூசுக்கு ஈடாகத் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவாரும் உளர். வெடிமருந்துப் பையின்மேல் அமர்ந்திருத்தற்கும் இவற்றிற்கும் வேற்றுமை யாது?

காவலுக்கு வேண்டிய கருவிகளும் பாரடே கண்ட உண்மையிற் பிறந்தனவே. கம்பியின் உறை நலத்தை அளக்கும் மெக்கர் என்னும் பெட்டியைக் கையாற் சுழற்றினால், 1831-ஆம் ஆண்டில் அவர் கண்ட தூண்டலே அதனுள் மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும். 500 வோல்ட்டு அழுத்தத்தில் ஒரு மெகோமுக்குக் குறையுமாயின் உறை பழுதென்று கொள்வர். ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுகாப்புக் கருவியில், சென்ற மின்னோட்டமும் மீண்ட மின்னோட்டமும் ஒவ்வாதவழி, வளையச் சுருளில் மின்னோட்டம் தூண்டப்பெற்று இணைப்பு அறும். மனிதர் உயிர்காக்க அமைப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அறுவது. நிலத்தொடர்பாகிய எர்த்தும் செவ்வையாக இருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் சில மணி நேரத்திற் சோதித்துவிடலாம்.

பாரடே பட்டங்களை விரும்பினாரல்லர். சர் பட்டத்தையும் இராயல் சங்கத் தலைமையையும் மறுத்தார். சிறு கிறிஸ்தவ சபையொன்றில் மூப்பராக எளிய வாழ்வு வாழ்ந்து, 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் ஹாம்ப்டன் கோர்ட்டில் தம் இருக்கையில் அமர்ந்தவாறே உயிர் நீத்தார். மின்தேக்குதிறனை அளக்கும் பாரடு என்னும் அலகில் அவர் பெயர் நிலவுகின்றது. இவ்விடுமுறைக்கு இல்லம் செல்லும் நண்பர்காள்! முகப்பிலுள்ள மின்பெட்டியைத் தக்காரைக் கொண்டு ஒருமுறை திறந்து காண்பிக்கச் செய்ம்மின். அவர் கூறும் குறையைப் பங்காளிகள் கூடும் நாளில் தயங்காது எடுத்துரைம்மின். பாரடேக்கு நாம் செய்யத்தகும் வழிபாடு அதுவே.