அரசை இழந்த மன்னர் ஆக்கிய ஆட்டங்கள்

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மதியச் சங்கு ஊதியதும், சாலையோர மரநிழலில் துண்டு விரிகிறது. சேலத்துக்காரர், தர்மபுரிக்காரர், மாண்டியாக்காரர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ரம்மி போடுகிறார்கள். கையில் 52 சீட்டு. இதே ஊரில், அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஒரு மன்னர் தாமே 13 வகைச் சீட்டாட்டங்களை வகுத்தார் என்றால் அவர்களில் எத்தனை பேர் நம்புவார்கள்? அவற்றில் ஒன்றைக்கூட இன்று ஆடுவார் இல்லை.

அந்த மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். அவர் வாழ்க்கையே வரவு செலவுக் கணக்கோடு நடத்திய ஒரு நீண்ட போராட்டம் எனலாம்.

1794ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை காலமானார். 1799 மே மாதம் திப்பு சுல்தான் போரில் வீழ்ந்ததும், ஆங்கிலேயர் பழைய அரச வம்சத்தைத் தேடிப் பிடித்து, அந்த ஐந்து வயதுப் பாலகனை ஜூன் 30ஆம் தேதி அரியணையில் அமர்த்தினார்கள். முடிசூட்ட மைசூரில் அரண்மனை இல்லை. பந்தல் போட்டுத்தான் விழா நடந்தது. பாட்டி லட்சுமி அம்மண்ணியின் பாதுகாப்பில் பிள்ளை வளர்ந்தான். நிர்வாகம் திவான் பூர்ணய்யா கையில். கோவைப் பகுதியிலிருந்து வந்து, ஹைதர், திப்பு இருவரிடமும் கணக்குப் பார்த்தவர் அவர். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செலவழிக்கும் ரகம்.

கஜானா காலி

மைசூர் ஆண்டுதோறும் ஆங்கிலேயருக்கு 7 லட்சம் வராகன் கட்ட வேண்டும் என்பது 1799ஆம் ஆண்டு ஒப்பந்தம். ரூபாய்க் கணக்கில் இருபத்து நாலரை லட்சம். மழை பெய்தாலும் பொய்த்தாலும் தவணை தவறக்கூடாது. பூர்ணய்யா இருந்தவரை இதைக் கட்டிவிட்டுக் கஜானாவிலும் பெரும் நிதி சேர்த்தார். 1811ல் அதிகாரம் இளம் மன்னர் கைக்கு வந்தது. மறு ஆண்டே பூர்ணய்யா மறைந்தார்.

அதன்பின் இருபது ஆண்டுகளில் சேர்த்தது கரைந்தது. மன்னருக்குத் தாராள மனது. புலவர், பாடகர், சிற்பி, சித்திரக்காரர் யார் வந்தாலும் கொடை. நம் தஞ்சை நால்வரில் மூத்தவரான சின்னையாவும் இவர் சபையை அலங்கரித்தவரே. கொடுத்துச் சிவந்த கை என்று புலவர்கள் பாடலாம். கணக்கப்பிள்ளை பாட முடியாது. வரி வசூலை அமில்தார்களிடம் குத்தகைபோல் விட்டதில் குடியானவர்கள் கசக்கிப் பிழியப்பட்டார்கள். 1825ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ நேரில் வந்து எச்சரித்தார். பயனில்லை. 1830ல் நகரப் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதையே காரணம் காட்டி 1831ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங் ஆட்சியைப் பறித்துக்கொண்டார்.

1833ல் விசாரணைக் குழு ஒன்று, மன்னர்மேல் சுமத்திய குறைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்று அறிக்கை தந்தது. பறித்த பெண்டிங்கே பிறகு மனம் மாறி, ஒரு பகுதியையாவது திருப்பித் தரலாம் என்றார். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் இசையவில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு: இதுதான் மன்னருக்கு மிச்சம். சாமானியனுக்கு இது குபேர சம்பத்து. ஆயிரக்கணக்கான வயிறுகள் நம்பியிருந்த அரண்மனைக்குப் போதவில்லை. கடன் தொடர்ந்தது.

சும்மா இருக்கவில்லை

அரசு போனபோது அவருக்கு 37 வயது. இன்னும் 37 ஆண்டுகள் வாழ்ந்தார். கையெழுத்துப் போடக் கோப்பு கிடையாது. நடத்தப் படை கிடையாது. அந்த வயதில் வேலையைப் பிடுங்கிவிட்டால் மனிதன் என்னாவான் என்று, உத்தியோகம் பார்க்கும் எவரும் யோசித்துப் பார்க்கலாம். மன்னர் நூல்களிலும் ஆட்டங்களிலும் இறங்கினார்.

ஸ்ரீதத்துவநிதி என்ற பெருந்தொகுப்பு அவர் ஆதரவில் உருவானது. ஒன்பது நிதிகள் கொண்ட அந்நூலின் கடைசிப் பகுதியான கௌதுகநிதியில்தான் சீட்டாட்டங்கள் இடம்பெற்றுள்ளன. சதுரங்கத்திலும் மன்னருக்குத் தீராத மோகம். பலகையின் 64 கட்டங்களையும் குதிரை ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் தொட்டுச் சுற்றிவரும் புதிர் ஒன்று உண்டு. ஐரோப்பியக் கணித மேதைகளும் மண்டையை உடைத்துக்கொண்ட புதிர் அது. அதற்கு விடைகள் கண்டு, பட்டுத் துணியில் அச்சிடவும் செய்தார் மன்னர்.

சீட்டாட்டத்துக்கு வருவோம். கஞ்சீபா எனப்படும் இந்தச் சீட்டு பெரும்பாலும் வட்டமாக இருக்கும். பாபர் 1527ல் சிந்து நாட்டு நண்பருக்குக் கஞ்சீபாச் சீட்டுகள் அனுப்பியதாக அவர் தன்வரலாறு கூறுகிறது. மொகலாயர் ஆடியது 8 வகை, வகைக்கு 12, ஆக 96 சீட்டு. இந்துக்கள் அதையே தசாவதாரமாக்கி 120 சீட்டு ஆடினார்கள். ஒவ்வொரு வகையிலும் ராஜா, மந்திரி, பிறகு எண்கள். சில வகைகளில் பத்து பெரிது, சிலவற்றில் ஒன்று பெரிது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்திருப்பவனே ஜெயிப்பான்.

மும்மடி உடையார் இதைப் பன்மடங்காகப் பெருக்கினார். அவர் வகுத்த ஆட்டங்களுக்குச் சதம் என்று பெயர். நூறு என்ற பொருளில் அல்ல. வடமொழியில் இலை, உறை என்று பொருள். மிகச் சிறிய கட்டில் 36 சீட்டு, மிகப் பெரியதில் 360. குலதெய்வம் பெயரால் அமைந்த சாமுண்டேசுவரி சதத்தில் 16 வகை, வகைக்கு 20, ஆக 320 சீட்டு. நவக்கிரகங்கள், பஞ்ச பாண்டவர், திக்குப் பாலகர் என்று ஒவ்வொரு கட்டிலும் ஒரு புராண உலகமே அடங்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடிக் கண்விழித்த நமக்கு, ஆட்டத்தில் தெய்வம் புகுந்தது விந்தையாகத் தோன்றாது.

ஒரு கட்டு செய்வது எத்தனை பாடு! சீட்டை வட்டமாக வெட்டி, மெருகேற்றி, உள்ளங்கையில் அடங்கும் பரப்பில் தெய்வ உருவத்தை எறும்புக்கால் கோடுகளால் தீட்டி, மேலே மெழுகு எண்ணெய்ப் பூச்சு. 320 முறை அதையே செய்ய வேண்டும். மைசூர்ச் சித்திரக்காரக் குடும்பங்களுக்கு அது சோறு. ஆனால் வாங்குபவர் ஒரே ஒருவர். கடைத்தெருவில் விற்கவில்லை, விற்றாலும் அந்த விலைக்கு வாங்க ஆளில்லை. அதே காலத்தில் சீமையிலிருந்து கப்பலில் அச்சுச் சீட்டுக் கட்டுகள் வந்து குவிந்தன. 52 சீட்டு, மலிவு விலை, அரைமணியில் கற்றுக்கொள்ளலாம்.

ஹெப்பாள் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் நண்பர் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் அமெரிக்கக் கதை ஒன்றைச் சொன்னான். கற்பனை உலகில் வேடம் பூண்டு ஆடும் டன்ஜியன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற ஆட்டத்தைப் பிரபலமாக்கிய டி.எஸ்.ஆர். கம்பெனி, ஒரே ஆட்டத்துக்குப் பல உலகங்களை அடுக்கடுக்காக வெளியிட்டு, ஆடுபவர்கள் பிரிந்துபோய், கடனில் மூழ்கி, 1997ல் வேறொரு கம்பெனிக்குக் கைமாறியதாம். அதன்பின் பல உலகங்களுக்குப் புதுப் புத்தகம் வருவது நின்றது. ஆட்டம் வகுப்பவனுக்கு நிறுத்தத் தெரிவதில்லை போலும். ஆனால் அந்த ஆட்டம் பிழைத்தது. காரணம், அதற்குக் கடையில் வாடிக்கைக்காரர் இருந்தார்கள்.

நின்றுபோன கைகள்

1861ல் ஜகன்மோகன அரண்மனை எழுந்தது. அதன் மேல்மாடி ரங்கமகால் சுவர்களில் தம் ஆட்டங்களைச் சித்திரமாக எழுதச் செய்தார் மன்னர். காகிதம் அழியும், சுவர் நிற்கும் என்று எண்ணினாரோ என்னவோ. அப்படி எண்ணியிருந்தால் சரியாகத்தான் எண்ணினார். அவர் வாழ்ந்த பழைய மர அரண்மனை 1897ல் தீயில் வெந்தது.

பறிபோன அரசுக்காக மனுப்போடுவதையும் அவர் நிறுத்தவில்லை. 1865ல் சாமராஜேந்திரரைச் சுவீகாரம் எடுத்தார். 1867ல் லண்டன் அதை ஏற்றது. நாடு மீண்டும் வம்சத்துக்கே என்று உறுதியானது. மறு ஆண்டு மார்ச் 27ஆம் தேதி, 73வது வயதில் கண்மூடினார். மீண்டும் ஓர் ஐந்து வயதுப் பாலகன் அரியணையில் அமர்ந்தான். ஆட்சி திரும்பியது 1881ல்.

மன்னர் போனதும் அரண்மனைக் கடன்களைத் தீர்க்கவும் ஆட்களைக் குறைக்கவும் ஆங்கில அதிகாரி ஒருவர் வந்தார். கணக்குப்படி அது நியாயமே. நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவன், அதை மறுக்க மாட்டேன். பட்டினி கிடந்த குடியானவனின் வரிப்பணம் சீட்டுக்கட்டில் தெய்வமாக மின்னியதை நினைத்தால் மனம் கூசத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சீட்டுகளைத் தீட்டிய விரல்களும் ஏழை விரல்கள்தான். 320 சீட்டுக்குக் கூலி கொடுக்க அதன்பின் எவரும் வரவில்லை. சதங்கள் 13ம் நூலிலும் சுவரிலும் தங்கிவிட்டன.

பின்னாளில் மைசூர்க் கஞ்சீபாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மிருகக்காட்சி சாலை அருகே இயங்கும் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் பழைய பலகை ஆட்டங்களைத் தேடியெடுத்து, கிரீடா கௌசல்யா என்ற பெயரில் கண்காட்சிகள் நடத்தியிருக்கிறது. பல்லாங்குழி, ஆடுபுலி, தாயப் பலகைகளை வாங்கிப்போய் வீட்டில் ஆடுகிறார்கள். கஞ்சீபாச் சீட்டை வாங்குபவர்களோ அதைக் கலைத்துப் போடுவதில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.